நீலகிரிக்கு உண்மையான உயரத் தரவு எங்கே கிடைக்கும்?

2023 ஜூன் 10, கேள்வி

மேட்டுப்பாளையத்துப் பக்கம் நின்று பார்த்தால் தெரியும் நீலகிரிச் சரிவைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் அப்படியே எழுப்ப வேண்டும் என்பது என் விருப்பம். இணையத்தில் கிடைத்த ஒரு சாம்பல்நிற உயரப் படத்தை (வெளுத்த இடம் உயரம், கறுத்த இடம் தாழ்வு) இட்டுப் பார்த்தேன். மலை முழுவதும் படிக்கட்டாக வந்து நிற்கிறது. நம் மலைகளுக்குத் துல்லியமான தரவு இலவசமாகக் கிடைக்காது, அதெல்லாம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும்தான் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? இல்லையென்றால் எங்கிருந்து இறக்குவது? ஒரு சுட்டி போதும்.

2023 ஜூன் 10, இரவு

நண்பர் சொன்னதில் கால் பங்குதான் உண்மை. உங்கள் படிக்கட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உங்களிடம் இருப்பது 8 பிட் படம். அதில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 சாயல்கள்தாம் உண்டு. நீலகிரி அடங்கிய சதுரத்தில் நிலம்பூர்ப் பக்கத்துத் தாழ்நிலம் தொடங்கித் தொட்டபெட்டாவின் 2637 மீட்டர் வரை உயரம் போகிறது. அந்த வேறுபாட்டை 255 படிகளாகப் பங்கிட்டால் ஒரு படிக்குச் சுமார் 10 மீட்டர் வரும், அதாவது ஒரு தென்னை மர உயரத்துக்கு ஒரு படி. நீங்கள் எத்தனை முறை மென்மையாக்கினாலும் அந்தப் படி போகாது. மென்மையாக்குவதில் ஓடைகளும் முகடுகளும்தான் அழியும். 16 பிட் கோப்பாக எடுங்கள். அதில் 65,536 நிலைகள் உண்டு. மீட்டருக்கு ஒரு நிலை என்று வைத்தாலும் எவரெஸ்ட் வரை அடங்கிவிடும்.

தரவுக்கு வருகிறேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் புவியைச் சுற்றி வந்து எடுத்த ரேடார் அளவீடுதான் எஸ்ஆர்டிஎம். விண்ணோடத்தின் சரக்கறையில் ஓர் ஆன்டெனா, அங்கிருந்து நீட்டப்பட்ட 60 மீட்டர்க் கம்பத்தின் நுனியில் இன்னோர் ஆன்டெனா. நம் இரண்டு கண்கள் தொலைவை அறிவது போல, இரண்டுக்கும் திரும்பி வந்த அலையின் சிறு வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை உள்ள நிலம் அதில் அடங்கும். ஒவ்வொரு கோப்பும் ஒரு பாகைக்கு ஒரு பாகை அளவுள்ள சதுரம். அதன் தென்மேற்கு மூலைதான் கோப்பின் பெயர். உங்களுக்கு வேண்டியது என்11ஈ076 (N11E076), அதாவது வடக்கே 11 பாகை, கிழக்கே 76 பாகை. உதகை, குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கின்றன; வயநாடும் பந்திப்பூரும்கூட இருக்கின்றன. கோயம்புத்தூர் 11 பாகைக் கோட்டுக்குச் சற்றே மேலே இருப்பதால் கீழ் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாயும் வேண்டுமென்றால் கீழேயுள்ள என்10ஈ076-ஐயும் எடுக்க வேண்டும்.

இறக்குவதற்கு அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் எர்த்எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசக் கணக்கொன்று தொடங்கினால் போதும். ஓபன்டோபோகிராஃபி தளம் இன்னும் எளிது. வரைபடத்தின் மேல் ஒரு கட்டம் இழுத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தரும். நண்பர் சொன்ன கால் பங்கு உண்மை என்னவென்றால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு மீட்டர் இடைவெளியில் எடுத்த லேசர் அளவீடு பெரும்பகுதிக்குப் பொதுவில் இருக்கிறது; நீலகிரிக்கு அப்படி எதுவும் பொதுவில் இல்லை. நமக்கு 30 மீட்டர்தான். தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு சரிவுக்கு அது தாராளம்.

2023 ஜூன் 11

‘மலைக்குப் பதிலாக முள்ளம்பன்றி வருகிறது’ என்று தனிச்செய்தியில் படம் அனுப்பியிருந்தீர்கள். பதிலை இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் இதே முள்ளம்பன்றியோடு நான் மூன்று இரவுகள் போராடியிருக்கிறேன்.

எஸ்ஆர்டிஎம்மின் மூலக் கோப்பில் (hgt) தலைப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. வடமேற்கு மூலையில் தொடங்கி 3601 வரிசை, வரிசைக்கு 3601 எண்கள், எண்ணுக்கு இரண்டு பைட்டு, அவ்வளவுதான். கோப்பின் அளவு சரியாக 2,59,34,402 பைட்டு இருக்க வேண்டும்; ஒரு பைட்டு குறைந்தாலும் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். இதில் பெரிய பைட்டு முதலில் வரும். நம் மேசைக் கணினிகளோ சிறிய பைட்டை முதலில் எதிர்பார்ப்பவை. 2637 என்ற எண் கோப்பில் 10, 77 என்ற இரண்டு பைட்டுகளாக இருக்கும்: 10-ஐ 256-ஆல் பெருக்கி 77-ஐக் கூட்டினால் 2637. மாற்றிப் படித்தால் 77-ஐ 256-ஆல் பெருக்கி 10-ஐக் கூட்டி 19,722 வரும். சமவெளியில் நிலைமை இன்னும் வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் 325 மீட்டர் என்பது 17,665 ஆகும். பக்கத்துப் புள்ளியின் 326 மீட்டர் 17,921 ஆகும். தரையில் ஒரு மீட்டர் ஏற்றம், திரையில் 256 மீட்டர் ஊசி. முள்ளம்பன்றி பிறக்கும் இடம் இதுதான். இறக்குமதிச் சாளரத்தில் பைட்டு வரிசையை மாற்றும் தேர்வு ஒன்று இருக்கும், அதைத் தட்டுங்கள்.

நிலவரைபடக் கோப்புகளைப் படித்து மாற்றித் தரும் ஜிடேல் (GDAL) கருவியைப் பயன்படுத்தினால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆசையாக ‘நீலகிரி’ என்று கோப்புக்குப் பெயர் மாற்றிவிடாதீர்கள். கோப்புக்குள் இருப்பிடம் எங்கும் எழுதப்படாததால், பெயரைப் பார்த்துத்தான் ஜிடேல் அது உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அறிகிறது.

2023 ஜூன் 11, பிற்பகல்

மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 30 மீட்டர்க் கோப்பு 2000-இலிருந்தே எல்லோருக்கும் கிடைத்தது போன்ற தோற்றத்தை என் முதல் குறிப்பு தருகிறது. அப்படியில்லை. அமெரிக்கா நீங்கலான உலகத்துக்கு முதலில் 90 மீட்டர்தான் வெளியிட்டார்கள்; 30 மீட்டர் 2014-இன் பிற்பகுதியிலிருந்துதான் பகுதி பகுதியாக வந்தது. ஆகவே 2014-க்கு முந்தைய வழிகாட்டி எதையாவது படித்தால் அதிலுள்ள 1201 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 90 மீட்டர்க் கோப்பின் வரிசை எண்ணிக்கை.

2023 ஜூன் 17

எந்தத் தரவு நல்லது என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நான் இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

எஸ்ஆர்டிஎம்மின் பலவீனம் செங்குத்துச் சரிவு. ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பதால் மலையின் மறைவில் விழும் இடத்துக்கு எதிரொலியே வராது. அந்த இடங்களில் எண் இருக்காது. இல்லை என்பதற்கு அடையாளமாக -32,768 என்று நிரப்பியிருப்பார்கள். பழைய கோப்பொன்றில் முக்குருத்திக்கு மேற்கே நீலகிரி கேரளத்துக்குள் இறங்கும் பாறைச் சுவரில் இப்படிப்பட்ட ஓட்டைகள் எனக்குக் கிடைத்தன. அதை நான் கவனிக்காமல் வண்ணம் தீட்டியபோது மலை முழுவதும் ஒரே வெள்ளையாகவும் நான்கைந்து கறுப்புப் பொட்டுகளாகவும் வந்தது. மென்பொருள் மிகத் தாழ்ந்த இடத்தை 32 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்து அதற்கேற்பச் சாயலைப் பங்கிட்டிருந்தது. ஓட்டை அடைத்த பதிப்பையே எடுங்கள். 2020-இல் அதே பழைய ரேடார்ப் பதிவுகளை நாசா மறுபடி கணக்கிட்டு வெளியிட்ட நாசாடெம் இன்னும் மேல்.

ஆஸ்டர் என்பது டெர்ரா செயற்கைக்கோளின் ஒளிப்பட இணைகளிலிருந்து ஜப்பானும் நாசாவும் சேர்ந்து செய்தது. ஒளிப்படம் என்பதால் மேகம் அதற்குப் பகை, நீலகிரியில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. நான் பார்த்த பதிப்பில் தேயிலைச் சரிவுகள் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தன. 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு தேறியிருக்கிறது என்றாலும் நான் அதற்குத் திரும்பவில்லை. ஜப்பானிய விண்வெளி முகமையின் ஏலாஸ் 30 மீட்டர்த் தரவு முகடுகளைக் கூர்மையாகக் காட்டுகிறது. 2006 முதல் 2011 வரை இயங்கிய டாய்ச்சி செயற்கைக்கோளின் படங்களிலிருந்து வந்தது அது.

இன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் ஜிஎல்ஓ-30-ஐ வைத்துக்கொள்வேன். இரண்டு ஜெர்மானிய ரேடார்ச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பறந்து எடுத்த அளவீட்டிலிருந்து உருவானது. எஸ்ஆர்டிஎம்மில் பொத்தலாக இருந்த பாறைச் சுவர் இதில் முழுமையாக வந்தது. பவானி ஆறு சமவெளியில் இறங்கியபின் அதன் கரைகள்கூடத் தெரிகின்றன.

2023 ஜூன் 18

முதல் குறிப்பில் 16 பிட் போதும் என்று அடித்துச் சொன்னேன். மலைக்குப் போதும், சமவெளிக்குப் போதாது. எஸ்ஆர்டிஎம்மில் உயரம் முழு மீட்டரில் இருக்கிறது. காரமடை வயல்வெளியைத் தாழ்ந்த மாலை வெயில் வைத்து ரெண்டர் செய்தபோது, அதாவது கணினியில் படமாக்கியபோது, ஒவ்வொரு மீட்டரும் ஒரு வரப்பாக நிழல் போட்டது. படிக்கட்டு மறுபடியும் வந்துவிட்டது, இம்முறை சிறியதாக. கோப்பர்நிக்கஸ் கோப்பில் உயரம் பின்னத்தோடு இருக்கிறது. அதைப் பின்னத்தையும் தாங்கும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகவே கடைசிவரை வைத்திருங்கள். வசதிக்காக இடையில் பிஎன்ஜி படக் கோப்பாக்க வேண்டாம்.

2023 ஜூன் 25

நம் நாட்டுத் தரவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்கிறேன், ஏனென்றால் என் பெரிய அவமானம் அதில்தான் இருக்கிறது.

2005-இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1 ஒரே பாதையில் முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமராக்களால் நிலத்தை இணைப் படங்களாக எடுத்தது. அதிலிருந்து செய்த கார்ட்டோடெம் 30 மீட்டர் இடைவெளியில் இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு அப்போது எஸ்ஆர்டிஎம்மில் இருந்த ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது. ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் கார்ட்டோடெம் எண்ணை எடுத்து ஒட்டினேன். ஓட்டைகள் அடைபடவில்லை, ஒவ்வொன்றும் ஒரு கிணறாயிற்று. மலைச்சுவரில் ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் சுற்றுச்சுவர் வைத்தது போல ஏறத்தாழ 90 மீட்டர் பள்ளம். தரவுதான் கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு வேறு சதுரங்களை இறக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே 90.

தவறு முழுக்க என்னுடையது. ‘கடல் மட்டத்திலிருந்து உயரம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடல் மட்டம் என்று ஒன்றை மலைக்கு அடியில் நீட்டிக் கற்பனை செய்தால், அது புவியின் ஈர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும்; அதைப் புவியுரு என்கிறார்கள். செயற்கைக்கோள் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று வழவழப்பான ஒரு நீள்கோளத்தையும் வைத்திருக்கிறார்கள். எஸ்ஆர்டிஎம் புவியுருவிலிருந்து அளக்கிறது. கார்ட்டோடெம் நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. உலகத்தின் பல இடங்களில் இரண்டுக்கும் இடையே இருபது முப்பது மீட்டர்தான் வேறுபாடு. நமக்கோ இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே, புவியுரு நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கும் உலகத்தின் மிகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. அதன் சரிவில்தான் தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியை மெரினா மணலில் வைத்தால் கடலுக்கு அடியில் பல பத்து மீட்டர் ஆழத்தில் நிற்பதாகக் காட்டுவதும் இதனால்தான்.

இரண்டு தரவைக் கலப்பதற்கு முன் இரண்டும் எந்தச் சுழியத்திலிருந்து எண்ணுகின்றன என்று பாருங்கள். கோப்பர்நிக்கஸ் இஜிஎம்2008 என்ற புவியுருவிலிருந்தும் எஸ்ஆர்டிஎம் இஜிஎம்96-இலிருந்தும் எண்ணுகின்றன. படம் வரைபவர்களுக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. நீள்கோளமும் புவியுருவும் கலந்தால்தான் கிணறு வெட்டும்.

2023 ஜூலை 2

‘10 மீட்டர்த் தரவு விற்பனைக்கு இருக்கிறதே, வாங்கலாமா’ என்று கேட்டீர்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில் நான் ஒருமுறை வாங்கினேன். மலை பட்டுத்துணி போல வழவழவென்று இருந்தது. 10 மீட்டர் என்றால் இன்னும் கரடுமுரடாகத்தானே இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தது. அதைத் திரும்ப 30 மீட்டருக்குச் சுருக்கி எஸ்ஆர்டிஎம்மிலிருந்து கழித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எங்கும் சுழியம். இலவசக் கோப்பை நீட்டித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். பணத்தை விட, அதை நம்பி இரண்டு வாரம் ஒரு காட்சியைக் கட்டியதுதான் வலித்தது. வாங்குவதற்கு முன் ஒரு மாதிரிச் சதுரம் கேட்டு இந்தக் கழித்தலைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

2023 ஜூலை 9

மரம்.

ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், முதலில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் சொல்கிறேன். மேலே பேசிய எந்தத் தரவும் தரையை அளக்கவில்லை. எஸ்ஆர்டிஎம்மின் ரேடார் அலை 5.6 சென்டிமீட்டர், அது அடர்ந்த இலைக்கூட்டத்தை ஊடுருவித் தரையைத் தொடாது, மேல்பாதியிலேயே எங்கோ எதிரொலித்துத் திரும்பிவிடும். ஒளிப்படத்திலிருந்து வருபவை மரத்தின் உச்சியையே பார்க்கின்றன. நீலகிரியில் இது சிறு செய்தியல்ல. புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் மேட்டில், சோலை இருக்கும் மடிப்பு உண்மையில் பள்ளம். மரங்கள் அதை நிரப்பிவிடுவதால் தரவில் பள்ளத்தின் ஆழம் குறைந்துபோகிறது. யூகலிப்டஸ் தோட்டம் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இல்லாத ஒரு மண்மேடு நேர்கோட்டில் எழும்பி நிற்கிறது. நான் அதை நெடுங்காலம் பழைய சாலை வெட்டு என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் கோத்தகிரிச் சாலையில் வண்டியை நிறுத்தி அந்த இடத்தைப் பார்த்தேன். வெட்டும் இல்லை, மேடும் இல்லை, யூகலிப்டஸ் வரிசை மட்டும் காற்றில் உரசிக்கொண்டு நின்றது.

அந்த மேட்டின்மேல் நீங்கள் கணினியில் மறுபடியும் மரம் நட்டால், மரத்தின் மேல் மரம் வைத்தது போல ஆகும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து காடுகளையும் கட்டடங்களையும் கணித்துக் கழித்து ஃபேப்டெம் என்ற பெயரில் 2022-இல் வெளியிட்டார்கள். மரம் நடப்போகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. உங்கள் படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் கோப்பர்நிக்கஸோடு நின்றுகொள்ளுங்கள். தொலைவுக் காட்சிக்கு மரமே நட வேண்டாம். தரவிலேயே மரம் இருக்கிறது.

2023 ஜூலை 10

நேற்றையதற்கு ஒரு திருத்தம். மரம் நட வேண்டாம் என்றது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சரிவுக்கு. கேமராவுக்கு முன்னால் உள்ள நிலத்துக்கு நட்டே ஆக வேண்டும். 30 மீட்டர் இடைவெளியில் எடுத்த தரவுக்குத் தென்னந்தோப்பு என்பது மெழுகிச் சரித்த திண்ணை போலத்தான் தெரியும்.

2023 ஜூலை 22

இந்திய நில அளவைத் துறையின் காகித வரைபடத்திலிருந்து சமவுயரக் கோடுகளைப் பிரதியெடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். செய்திருக்கிறேன், பரிந்துரைக்க மாட்டேன். 50,000-க்கு ஒன்று அளவிலான தாளில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். ஒரு மாத மாலைப்பொழுதுகளைச் செலவழித்துக் குன்னூருக்குக் கீழே ஒரு தாளின் கால் பகுதியைத்தான் முடித்தேன். கோடுகளை இணைத்து மேற்பரப்பு கட்டியபோது ஒவ்வொரு முகடும் தோசைக்கல் போலத் தட்டையாயிற்று, ஏனென்றால் கடைசிக் கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தாளில் எண் எதுவும் இல்லை. ஆனால் வெறும் இழப்பில்லை. சிகரங்களின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உயரங்களை வைத்து, 90 மீட்டர்த் தரவு உச்சிகளை எவ்வளவு மழுக்கியிருக்கிறது என்று பார்க்க முடிந்தது. கூர்மையான உச்சி என்றால் மழுக்கலும் கூடுதல். பக்கத்துச் சரிவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் உச்சி தாழத்தானே செய்யும்.

ஒன்று என்னை மகிழ்வித்தது. அந்த வரைபட வரிசையில் நீலகிரிச் சதுரத்தின் எண் 58 ஏ. அதன் எல்லைகள் வடக்கே 11 முதல் 12 பாகை, கிழக்கே 76 முதல் 77 பாகை. விண்ணோடக் கோப்பான என்11ஈ076-இன் பாகை எல்லைகளும் அவையேதான். இதற்கெல்லாம் தொடக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது: 1802-இல் ஆங்கிலேய நில அளவை அதிகாரி லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே முதல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். மூன்று இரவுகள் பைட்டு வரிசையோடு போராடினேன் என்று மேலே அலுத்துக்கொண்டதை இந்த இடத்தில் திரும்பப் பெறுகிறேன்.

2023 ஆகஸ்ட் 5

உங்கள் மலை ‘தட்டையாக இருக்கிறது, உயரத்தை இரண்டு மடங்காக்கலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அளவைப் பாருங்கள். கோப்பில் கிடைமட்டம் பாகையில் இருக்கிறது, உயரம் மீட்டரில் இருக்கிறது. அப்படியே இட்டால் மென்பொருள் ஒரு பாகையை ஒரு மீட்டர் என்று எடுத்துக்கொண்டு வானளாவிய ஊசிகளைத் தரும், பிறகு நீங்கள் கண்ணளவாக அதை அமுக்குவீர்கள். அப்படி அமுக்கியதுதான் தட்டையாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஜிடேலோடு வரும் ஜிடேல்வார்ப் கட்டளையைக் கொண்டு, நிலத்தை மீட்டரில் அளக்கும் யுடிஎம் கட்ட அமைப்பின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். அதன் குறியீடு 32643. இரண்டு அச்சும் மீட்டராகிவிடும். மாற்றும்போது இடைமதிப்பு முறையைக் கனவளைவாக (cubic) வையுங்கள். இயல்பாக வரும் ‘அண்மைப் புள்ளி’ முறை ஓடைகளை ஏணி ஏணியாக உடைத்துவிடும். மதுரைக்காரர்கள் கவனிக்க: 78 பாகையில் மண்டலம் மாறுகிறது, உங்களுக்கு 44.

அதன்பின்னும் தட்டையாக இருந்தால் குறை கேமராவில் இருக்கிறது. அகன்ற கோணத்தில் எந்த மலையும் மேடாகச் சுருங்கிவிடும். நாம் மலையைப் பார்க்கும்போது அதை மட்டும்தான் பார்க்கிறோம், முன்னால் உள்ள வயலையும் மேலுள்ள வானத்தையும் கண் ஒதுக்கிவிடுகிறது. கேமராவுக்கு நீண்ட குவியத் தொலைவு, அதாவது குறுகிய கோணம், வைத்துப் பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து பார்க்கும் காட்சி செய்பவர்களுக்கு இன்னொன்று. தொட்டபெட்டா அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் புவியின் வளைவு அதைச் சுமார் 190 மீட்டர் கீழே இறக்குகிறது. காற்றில் ஒளி வளைவதால் அதில் ஏழில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். தட்டையான தளத்தில் மலையை நட்டால் பின்வரிசை முகடுகள் முன்வரிசைக்கு மேல் எட்டிப் பார்க்கும், உண்மையில் அவை தெரியாது.

2023 ஆகஸ்ட் 20

மலையின்மேல் செயற்கைக்கோள் படத்தைப் போர்த்தியது பற்றி: நிழல் இரண்டாக விழுகிறது என்றால் காரணம் இதுதான். அந்தப் படங்களை எடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 காலை பத்தரை மணி அளவில் கடக்கிறது. அந்த நேரத்து நிழல் படத்திலேயே பதிந்திருக்கும். நீங்கள் மாலை வெயில் வைத்தால் ஒரே பள்ளத்தாக்குக்கு இரண்டு கதிரவன். டிசம்பர்ப் படத்தில் வெயில் தென்கிழக்கிலிருந்து வரும். நம் அட்சரேகையில் ஜூன் படத்திலோ வடகிழக்கிலிருந்து வரும். நான் ஏப்ரல் இறுதிப் படத்தைத் தேடுவேன், அப்போது கதிரவன் உயரத்தில் இருப்பதால் நிழல் குறைவு. மேகமில்லாத ஏப்ரல் நாள் நீலகிரியில் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

2023 செப்டம்பர் 16

நீங்கள் செய்த மலைப் படத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த ஒளிப்படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தேன். கோத்தகிரிப் பக்கம் கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. பக்காசுரன் மலைப் பக்கம் மட்டும் உங்களுடையதில் ஒரு சாய்வு இருக்கிறது, என்னுடையதில் செங்குத்துப் பாறை. அது உங்கள் பிழையல்ல. உயரப் படத்தில் ஓர் இடத்துக்கு ஓர் எண்தான். நூறு மீட்டர்ச் சுவரை அது இரண்டு மூன்று புள்ளிகளில் பரப்பிச் சரிவாக்கிவிடும், குடைந்த பாறையைக் காட்டவே முடியாது. அந்த ஒரு சுவரை நான் கையால்தான் செதுக்கினேன், ஒளிப்படத்தைப் பார்த்துப் பார்த்து.

2023 செப்டம்பர் 17

என் கணினிக் காட்சியில் கேமராவை எந்த உயரத்தில் வைத்தேன் என்று கேட்டதால் சரிபார்த்தேன். மொட்டை மாடி என்று கணக்கிட்டுத் தரவின் மேற்பரப்புக்கு மேல் எட்டு மீட்டர் வைத்திருக்கிறேன். அந்த மேற்பரப்பிலோ அடுத்த தோட்டத்துத் தென்னைகளின் உயரத்தில் ஒரு பங்கு முன்னரே கலந்திருக்கிறது. கணக்குப்படி நான் அந்தப் படத்தை எடுத்தது யாரோ ஒருவருடைய தென்னையின் குருத்தில் உட்கார்ந்து. முகடுகள் பொருந்துகின்றன, அப்படியே விட்டுவிட்டேன்.